என் சம்பந்தி அறிந்திருந்த பாரிஸ்

நடந்ததைச் சொல்வதற்கு முன், அப்போது நான் எந்த நிலையில் இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் அரசுக் கல்லூரி ஒன்றில் பிரெஞ்சுத் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இளமையில் உதவித்தொகை பெற்றுப் பாரிஸில் ஓராண்டு தங்கிப் படித்தவன். ஓய்வுக்குப் பிறகு, பாகூர் ஏரிக்குப் போகும் சாலையிலுள்ள என் வீட்டுக்குக் காலை வேளைகளில் ஆட்கள் வருவது வழக்கமாயிற்று. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் பிரான்சிலிருந்து வந்த கடிதங்களைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதில் இருப்பதை இருந்தபடியே படித்துச் சொல்வேன். மறுத்து எழுதியிருந்தால் மறுத்துவிட்டார்கள் என்றே சொல்வேன். கேட்பவரின் முகம் வாடுகிறதே என்று ஒரு சொல்லைக்கூட இளக்கிச் சொன்னதில்லை. "வாத்தியாரு சக்கர தடவ மாட்டாரு" என்று கடைத்தெருவில் பேசிக்கொள்வார்கள். சிலர் அதைக் குறையாகச் சொல்லியிருக்கலாம். நான் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டேன்.

என் ஒரே மகன் ஜப்பானில் வேலைக்குப் போய், அங்கேயே ஒரு ஜப்பானியப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டான். நான் மறுப்புச் சொல்லவில்லை. மகிழ்ந்தேன் என்றும் சொல்லமாட்டேன். மருமகள் நல்ல பெண். என் வாழ்வில் எதிர்பாராமல் வந்து அமர்ந்தவர் அவளுடைய தந்தை. கடற்கரையோரச் சிற்றூர் ஒன்றில் நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் எழுத்தராக இருந்தவர். மனைவியை இழந்தவர். ஊர் வழக்கப்படி ஒரு வரவேற்பு வைத்தோம். அதற்காக வந்தவர், மகளும் மருமகனும் விடுப்பு முடிந்து திரும்பிய பிறகும் எங்கள் வீட்டிலேயே ஒரு மாதம் தங்கினார். பெண்ணைக் கொடுத்தவர் சம்பந்தி வீட்டில் இத்தனை நாள் தங்கிச் சாப்பிடுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. என் மைத்துனர் முதல் வாரத்திலேயே அதைச் சொல்லிக் காட்டினார். பெண் வீட்டார் கொண்டுவந்த சீரைப் பற்றியும் அவருக்கு ஒரு குறை இருந்தது.

"இன்னா மாமா, ஜப்பான்லேர்ந்து சம்பந்தி வராரு, பெரிய டிவியா கொண்டாருவாருன்னு பாத்தா பிஸ்கோத்து டப்பா கொண்டாந்துகிறாரு. அது மேலயும் பிரான்ஸு கோபுரம் படம்! இத்த வாங்க ஜப்பான் போவணுமா? நம்ம கடத்தெருவுல கெடைக்காதா?"

டப்பாவின் மேல் ஈபிள் கோபுரம் இருந்தது உண்மைதான். ஆனால் உள்ளே இருந்த ஒவ்வொரு பிஸ்கட்டும் தனித்தனியாகத் தாளில் சுற்றப்பட்டு, அவருடைய ஊரிலேயே செய்யப்பட்டது. அவர்கள் ஊரில் ஒன்றை உயர்ந்தது என்று சொல்ல வேண்டுமானால் அதன்மேல் பிரான்சை வரைவார்களாம். அவருடைய மனைவி நடத்திய முடி திருத்தும் நிலையத்துக்கும் பிரெஞ்சுப் பெயர். அதன் சுவரில் பாரிஸ் வீதி ஒன்றின் படம். வாடிக்கைப் பெண்கள் தலையைக் கொடுத்துவிட்டு அந்த வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

எங்களுக்குப் பொதுவான மொழி பிரெஞ்சு. அவர் அதைப் பல்லாண்டுகள் காலை வானொலிப் பாடத்தில் கற்றிருந்தார். வேறு எவரிடமும் பேசிப் பழகாத மொழி; ஆகவே அவர் வாயிலிருந்து ஒவ்வொரு வாக்கியமும் சலவை செய்து மடித்த சட்டை போல வரும். இங்கே நான் அவர் பேச்சைத் தமிழில் எழுதும்போது அது சற்று விறைப்பாக இருந்தால், மூலமும் அப்படித்தான் இருந்தது. கல்லூரியை விட்ட பிறகு பாகூரில் நான் பிரெஞ்சு பேச ஆளில்லாமல் இருந்தவன். மாலையில் மொட்டைமாடியில் இரண்டு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, ஏரிக்காற்றில், இருவருக்குமே தாய்மொழி அல்லாத ஒரு மொழியில் இரண்டு கிழவர்கள் பேசிக்கொண்டிருந்ததைச் சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். 'சம்பந்தி' என்ற சொல்லை நான்தான் அவருக்குக் கற்றுக் கொடுத்தேன். அவர் அதோடு தம் நாட்டு மரியாதையைச் சேர்த்து 'சம்பந்தி-சான்' என்று அழைத்தார். கல்லூரியில் எனக்குக் கிடைத்த எந்த விளியும் அதைப் போல என் காதில் இனித்ததில்லை.

ஐரோப்பாவை அவர் ஒரு பெரிய கூட்டுக்குடும்பத்தைப் போல மனத்தில் வைத்திருந்தார். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு குணம், ஒரு முகம். "ஜெர்மானியர் எங்களைப் போன்றவர்கள். சொன்ன நேரத்துக்கு ரயில் விடுவார்கள். சிரிப்பதற்கு முன் அனுமதி வாங்குவார்கள்" என்பார். ஆங்கிலேயர் குடை பிடித்த கனவான்கள். அவர்களிடம் தேநீர் குடிக்கலாம், சாப்பிட்டுவிடக் கூடாது. இத்தாலியர் வேலைக்குத் தாமதமாகத்தான் வருவார்கள். ஆனால் அவர்கள் மன்னிப்புக் கேட்கும் அழகில் மேலாளரே அவர்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுப்பார். சுவிட்சர்லாந்து முழுவதும் புல்வெளி. அந்தப் புல்லையும் யாரோ தினமும் துடைத்து வைக்கிறார்கள். பின்லாந்துக்காரர்கள் பேருந்து நிறுத்தத்தில் ஒருவரை விட்டு ஒருவர் வெகுதூரம் தள்ளி நிற்பார்களாம். "எங்களைவிடக் கூச்சம் மிகுந்த மக்கள் உலகில் இருக்கிறார்கள் என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல்" என்றார். அன்று என் மனைவி காப்பியோடு மேலே வந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, இறங்கிப் போய்ப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டாள்.

நான் திருத்துவேன். அது என் தொழில். ஜெர்மனியில் இப்போதெல்லாம் ரயில்கள் தாமதமாகின்றன என்பேன். நான் அறிந்த இத்தாலியப் பேராசிரியர் ஒருவர் வகுப்புக்கு மணியடிக்கும் முன்பே வந்து நிற்பார் என்பேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டு, "ஸோ தெஸ் கா" என்பார். 'அப்படியா' என்று பொருள். மறுநாள் மாலை இத்தாலியர் மறுபடியும் தாமதமாக வருவார்கள். முதலில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. பிறகு கவனித்தேன். நான் சொன்ன திருத்தங்கள் ஒவ்வொன்றும் அவருக்கு நினைவிருந்தன. கேட்டால் வரிசையாகச் சொல்வார். படம் வேறு, நாடு வேறு என்பது அவருக்குத் தெரியும். இரண்டையும் அவர் வேறு வேறு அறையில் வைத்திருந்தார். இதைப் படிப்பவர்கள் இந்த ஒன்றை மறக்கக் கூடாது.

எங்கள் ஊரும் அவரை அப்படி ஒரு படத்தில்தான் வைத்திருந்தது. பாதிப் பேருக்கு அவர் 'சைனாக்கார சம்பந்தி'. தேநீர்க் கடையில் ஒருவர் என்னை நிறுத்தி, "பாம்ப பச்சையாவே துன்னுவாங்களாமே, நெசமா வாத்தியாரே? வூட்ல அம்மா இன்னா பண்றாங்க பாவம்?" என்று கேட்டார். நான் சம்பந்தியிடம் அதை மொழிபெயர்த்தேன். அவர் அந்த மனிதரைப் பார்த்துக் குனிந்து வணங்கி, வாழையிலையில் சாப்பிடுவது போலக் கையால் செய்து காட்டி, "சாம்பார்" என்றார். கடையே சிரித்தது.

பிரான்சைப் பற்றி மட்டும் அவர் விளையாட்டாகப் பேசமாட்டார். அது அவருடைய மனைவியின் நாடு. அந்த அம்மையார் அங்கே போனதே இல்லை. இருந்தாலும் அதை அப்படித்தான் சொல்ல வேண்டும். கணவர் ஓய்வு பெற்றதும் இருவரும் பாரிஸுக்குப் போவது என்று முடிவு செய்து, அங்கே அணிவதற்காக ஒரு தொப்பி வாங்கி வைத்திருந்தார். பாலாடை நிறம், சுற்றிலும் மெல்லிய பழுப்பு நாடா. முதன்முதலில் பாரிஸில்தான் அணிவேன் என்று வீட்டில்கூடப் போட்டுப் பார்க்கவில்லையாம். அவர் ஓய்வு பெற்ற ஆண்டிலேயே அந்த அம்மையார் இறந்துவிட்டார். அந்தத் தொப்பியைச் சம்பந்தி வட்டப் பெட்டி ஒன்றில் வைத்துப் புதுச்சேரிக்கும் எடுத்து வந்திருந்தார். பிரெஞ்சு வீதிகள் உள்ள ஊர் என்று என் மகன் அவரிடம் சொல்லியிருந்தான். ஒருநாள் அவரைப் புதுச்சேரி நகரத்துக்கு அழைத்துப் போனேன். மஞ்சள் சுவர்களையும், பிரெஞ்சில் எழுதிய தெருப் பெயர்களையும் ஒவ்வொன்றாக நின்று படித்தார். கடற்கரையில் வெகுநேரம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திறக்கவில்லை. "இங்கே இல்லை, சம்பந்தி-சான்" என்று மட்டும் சொன்னார்.

தனியாகவாவது பாரிஸுக்குப் போவது என்று அவர் தீர்மானித்திருந்தார். அந்த ஊர் எப்படிப்பட்டது என்பதை நான் அவரிடம் சொல்லியிருந்தேன். ஆனால் நான் அங்கே இருந்தது இளமையில், மாணவனாக. ஆகவே ஊருக்குத் திரும்பும் முன், அங்கே குடும்பம் நடத்திய பிரெஞ்சுக் குடிமகள் ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் அதற்கு அலைய வேண்டியதில்லை; சொல்தா குடும்பத்தார் பலர் பிரெஞ்சுக் குடிமக்கள். வில்லியனூரில் மாதா கோயில் குளத்துக்கு அருகே ஒரு சொல்தாவின் விதவை இருந்தார். கணவரோடு பாரிஸின் புறநகரில் நெடுங்காலம் வாழ்ந்து, ஒரு விடுதியின் சமையலறையில் பாத்திரம் துலக்கி, அவர் இறந்த பின் ஊர் திரும்பியவர். எனக்கு அது இயல்பான ஏற்பாடு. அதை விளக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. சம்பந்தி கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, கையில் பிஸ்கட் டப்பாவோடு வந்தார். வாசலில் நூல் புடவையில் அமர்ந்து புளியில் கொட்டை நீக்கிக்கொண்டிருந்த கறுத்த, மெலிந்த அம்மாளைத் தாண்டி, உள்ளே பார்த்தபடி பிரெஞ்சுப் பெண்மணிக்காகக் காத்து நின்றார். "இவர்தான்" என்றேன். ஒரு கணம்தான். பிறகு அவர் இரண்டடி பின்வாங்கி, நான் அதுவரை பார்த்திராத அளவுக்கு ஆழமாகக் குனிந்து, "போன்ழூர், மதாம்" என்றார்.

"பொஞ்சூர், பொஞ்சூர். வாங்க, ஒக்காருங்க" என்றார் அந்த அம்மாள். "ஏன் தம்பி, யாரு இவரு? சைனாவா?"

ஜப்பான் என்றேன். பாரிஸ் எப்படி இருக்கும் என்று உங்களிடம் கேட்க வந்திருக்கிறார் என்றேன். அவர் புளியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசினார். அவருடைய பிரெஞ்சு சமையலறைக்கு மட்டும் போதுமானது. ஆகவே தமிழில் பேசினார், நான் மொழிபெயர்த்தேன்.

"அங்க இன்னா கீது? மழ. மழன்னா நம்மூரு மழ மாரி வந்து ஊத்திட்டு போவாது. மூக்க சிந்திக்கினே நிக்கும். போன மொத வாரமே ரயில்ல என் பைய அடிச்சிட்டான். அழுதுக்கினு நிக்கிறேன், ஒருத்தன் இன்னான்னு கேக்கணுமே? எலிங்க கீது பாரு, நம்மூரு பெருச்சாளி தோத்துது போ. கடக்காரன் சில்லறைய நம்ம கையில குடுக்க மாட்டான்; மேச மேல வெப்பான், நாம பொறுக்கிக்கணும். பக்கத்து வூட்டுக்காரி செத்துட்டான்னு எனக்கு எப்ப தெரியும் தெரியுமா? புதுசா வேற ஒருத்தி குடி வந்தப்போ."

ஒவ்வொன்றையும் சொன்னேன். சில்லறையை மேசைமேல் வைப்பதைச் சொன்னபோது அவர் கண்களை மூடித் திறந்தார். பிறகு மிகுந்த தயக்கத்தோடு ஒரு கேள்வி கேட்டார்: அப்படியானால் இங்கே திரும்பி வந்தது அவருக்கு மகிழ்ச்சிதானே?

அந்த அம்மாள் சிரித்தார். "இவரு இன்னா இப்டி கேக்குறாரு! எங்க வூட்டுக்காரு அங்கதான படுத்துனுகிறாரு? கல்லற நாளுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்த ஆளு கெடையாது. இப்ப போறியான்னு கேளு, இதே பொடவையோட கெளம்பிடுவேன்."

அதையும் சொன்னேன். திரும்பும்போது குளத்துப் படியருகே சம்பந்தி நின்றார். "அவர் சொன்னது முழுவதையும் எனக்குச் சொன்னீர்களா?" என்று கேட்டார். விடவும் இல்லை, சேர்க்கவும் இல்லை என்றேன். "இனியும் போகத்தான் வேண்டுமா?" என்றும் கேட்டேன். அவர் சொன்ன மறுமொழி இன்றும் என் செவியில் இருக்கிறது. "கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அந்த ஊர் எப்படி இருக்கும் என்று நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லையே." பிறகு ஒரு வேண்டுகோள் வைத்தார். இன்று கேட்டது எதுவும் அவருடைய மகளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அவரைத் தனியே போக விடமாட்டாள். வாக்குக் கொடுத்தேன். நானும் உடன் வரட்டுமா என்று கேட்டேன். கணவன் மனைவி போகும் பயணத்தில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார்.

இலையுதிர் காலத்தில் பாரிஸுக்குப் போனார். போன இரண்டாம் நாள் எனக்குத் தொலைபேசியில் பேசினார். குரலில் அப்படி ஒரு குதூகலம். "சம்பந்தி-சான், அந்த அம்மையார் சொன்னது எல்லாம் சரி. மழை மூக்கைச் சிந்துகிறது. சில்லறையை என் கையிலும் கொடுக்கவில்லை. நீங்கள் மொழிபெயர்த்ததில் ஒரு பிழைகூட இல்லை." பிறகு, "என் மனைவிக்கு மட்டும் நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை. அவள் மகிழ்ச்சியாக இருக்கிறாள்" என்றார். மறுநாள் ஆற்றங்கரைக்குப் போகப் போவதாகவும், அங்கேதான் பெட்டியைத் திறக்கப் போவதாகவும் சொன்னார்.

மறுநாள் ஆற்றங்கரைக்குப் போகும் வழியில், சுரங்க ரயிலில், அவர் கையிலிருந்த பையைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். தொப்பி அதில் இருந்தது.

பிறகு நடந்ததை என் மகன் சொல்லித்தான் அறிந்தேன். அவர் ஊர் திரும்ப மறுத்திருக்கிறார். நாள்தோறும் அதே ரயில் நிலையத்துக்குப் போய், அதே படிக்கட்டில் நின்றிருக்கிறார். விடுதிக்காரர்கள் தகவல் கொடுத்து, என் மகன் போய் அவரை ஜப்பானுக்குத் திரும்ப அழைத்து வந்தான். ஊரில் மருத்துவர் ஒரு நோயின் பெயரைச் சொன்னாராம். பாரிஸைக் கனவாகக் கண்ட ஜப்பானியர் சிலருக்கு, அங்கே போய் உண்மையைக் கண்டதும் மனம் உடைந்துவிடுவது உண்டாம். மருமகள் அதை நம்பினாள். போனது ஒரு தொப்பிதானே என்று தந்தையைத் தேற்றியிருக்கிறாள். நான் தொலைபேசியில் அழைத்தபோது அவர் பிரெஞ்சில் பேசவில்லை. ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். களைப்பாக இருக்கிறாராம், மன்னிக்கச் சொல்கிறாராம் என்று மருமகள் ஆங்கிலத்தில் சொன்னாள். பெயருக்குக்கூட ஒரு 'சம்பந்தி-சான்' இல்லை. குளிர்காலம் முடியும்போது இறந்துவிட்டார்.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து என் மகன் அழைத்தான். "நீங்க அங்க இருந்தவருப்பா. அந்த ஊரு எப்பிடின்னு உங்களுக்குத் தெரியும். ஒரு மாசம் தெனமும் அவரோட ஒக்காந்து பேசினீங்களே, ஒரு வார்த்த சொல்லியிருந்தா போயிருக்க மாட்டாரு. ஊருக்கெல்லாம் உள்ளத உள்ளபடி சொல்றவரு, பிரான்ஸுன்னா மட்டும் உங்களுக்கு வாய் வராது, இல்ல?" என்றான்.

மறுமொழி என்னிடம் இருந்தது. சொல்லவில்லை. தந்தை தன்னிடம் மறைத்துவிட்டுப் போனார் என்று அறிவது அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். மாமனார் மறைத்தார் என்று நினைத்துக்கொள்வது அதைவிட எளிது என்று பட்டது. வாக்கும் கொடுத்திருந்தேன். "சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தச் 'சரி'யை அவன் ஒப்புதலாக எடுத்துக்கொண்டான். இப்போது அவன் தன் தாயிடம் மட்டும் பேசுகிறான். இதற்கிடையே பிறந்த பேரனுடைய குரல் அடுத்த அறையிலிருந்து எனக்குக் கேட்கும். முன்பெல்லாம் மருமகள் "அப்பா எங்கே?" என்று தமிழில் கேட்பாள். இப்போது கேட்பதில்லை. மொட்டைமாடிக்கு நான் ஏறுவது நின்றுவிட்டது. வில்லியனூர் அம்மாளும் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று அந்த வாசலில் இருந்தவர்களில் மிஞ்சியவன் நான் ஒருவன்தான்.

என் பெயருக்கு வந்த பழியை இன்னும் சில காலம் சுமந்திருப்பேன். ஆனால் சென்ற மாதம் ஒரு திருமணப் பந்தியில், என் மைத்துனர் எழுந்து நின்று அவரைப் போலக் குனிந்து காட்டினார். "பிஸ்கோத்து டப்பாவுல கீற படத்த நெசம்னு நம்பி, பாரிஸுக்குப் போயி பைத்தியமாயி வந்தாரே எங்க ஜப்பான் சம்பந்தி! நம்ம மாமாதான் ஏத்தி வுட்டாரு!" என்று சொன்னார். பந்தி முழுவதும் சிரித்தது. என்னைச் சொன்னதற்காக நான் எழுந்திருக்கவில்லை. அவரை அறியாமையின் உருவமாக்கி நடித்துக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சோற்றில் கை வைக்க முடியவில்லை. இலையை மூடிவிட்டு வந்தேன். அவர் இருந்தபோது கொடுத்த வாக்கு, அவர் பயணம் தடைப்படக் கூடாது என்பதற்காகக் கொடுத்தது. அந்தப் பயணம் முடிந்துவிட்டது. என் மகனுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். அவன் தன் மனைவிக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்துகொள்ளட்டும்.

என் சம்பந்தி பாரிஸைப் பற்றிய பொய்யான படத்தை நம்பி ஏமாந்து இறந்தார் என்று சொல்கிறார்கள். அது தவறு. அந்த ஊர் எப்படிப்பட்டது என்று முழுவதும் தெரிந்துகொண்டுதான் அவர் போனார். தெரிவித்தவன் நான்.